லாஜிஸ்டிக் குரோத்: ‘மட்டுறு பெருக்கம்’ சரிவருமா?

அன்புடையீர்,

லாஜிஸ்டிக் குரோத் (logistic growth) என்பது, உயிரினக் கூட்டம் முதலில் வேகமாகப் பெருகி, ஓர் எல்லையை நெருங்கும்போது அடங்கி நிற்பது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்தவை: எஸ் வடிவ வளர்ச்சி, தணிவளர்ச்சி, அடர்த்திசார் வளர்ச்சி. ‘தளவாட வளர்ச்சி’யை விட்டுவிடலாம், அது சரக்கு அனுப்புவோர் பேசும் லாஜிஸ்டிக்ஸ். 1838இல் சமன்பாட்டை வெளியிட்ட பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட், 1845இல் இந்தப் பெயரை வைத்தபோது ஏன் என்று விளக்கவில்லை. மூலச்சொல்லைத் தோண்டிப் பயனில்லை, பொருளைப் பார்ப்போம்.

எண்ணிக்கை கூடக் கூட, தலைக்கு இவ்வளவு என்ற பெருக்க வீதம் குறைந்துகொண்டே வந்து, தாங்குதிறனை (சூழல் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கையை) எட்டும்போது சுழியாகிறது. ‘தணி’ அழகான சொல்தான். ஆனால் குறைவது தலைவீதம் மட்டுமே. மொத்தப் பெருக்கமோ தாங்குதிறனில் பாதி வரும்வரை வேகமெடுக்கிறது. வரைபடத்தின் முதல் பாதியைப் பார்க்கும் மாணவர் ‘எங்கே தணிகிறது?’ என்று கேட்பார். போதாக்குறைக்கு, வகுப்பில் அது ‘தனிவளர்ச்சி’ என்றே காதில் விழும். ‘அடர்த்திசார்’ மிக அகலம். கூட்டம் மிகச் சிறுத்தால் இணை கிடைக்காமல் பெருக்கம் குன்றும் ஆலீ விளைவும் அடர்த்தி சார்ந்ததே, திசைதான் நேரெதிர்.

என் பரிந்துரை ‘மட்டுறு பெருக்கம்’. மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுப்படுதல் என்றால் அடங்கிவருதல். இரண்டுமே சமன்பாட்டில் உண்டு. குழுவின் மட்டுறுத்துநரை (மாடரேட்டரை) தினமும் பார்க்கும் நமக்குச் சொல்லும் புதிதல்ல! ‘வளர்ச்சி’ ஓர் உயிரியின் உடலுக்கு இருக்கட்டும், எண்ணிக்கைக்குப் ‘பெருக்கம்’ போதும். தலைவீதம் குறையாமல் பெருகிக்கொண்டே போகும் எக்ஸ்பொனென்ஷியல் குரோத்துக்கு ‘அடுக்குப் பெருக்கம்’. கணிதப் பாடத்தின் அடுக்குக்குறியோடு ஒத்துப்போகும்.

---

> மட்டு என்றால் அளவு, எல்லை

ஐயா, இதில்தான் எனக்குத் தயக்கம். அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் 29 பனிமான்களை விட்டார்கள். 1963இல் சுமார் 6,000. 1966இல் எண்ணியபோது 42தான் மிஞ்சியிருந்தன. அங்கேயும் எல்லை இருந்தது, பெருக்கமும் நின்றது. அதையும் மட்டுறு பெருக்கம் என்பீர்களா?

---

சொல்லமாட்டேன். லாஜிஸ்டிக் சமன்பாட்டில் தடை உடனுக்குடன் வேலை செய்கிறது: இன்று கூடிய எண்ணிக்கை இன்றைய வீதத்தையே குறைக்கிறது. தீவில் அப்படியில்லை. பாசியும் பூஞ்சையும் இணைந்து மெதுவாக வளரும் லைக்கன்களை மான்கள் பல ஆண்டுகள் மேய்ந்து தீர்த்தன. தட்டுப்பாடு உறைத்தபோது கூட்டம் தீவு தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, அதன்மேல் 1963–64இன் கடுங்குளிர்காலமும் சேர்ந்தது. மட்டுப்படவே இல்லை, முறிந்தது. ஓவர்ஷூட் எனப்படும் அதற்கு ‘மீறுபெருக்கம்’ என்று தனிச்சொல் வைக்கலாம். பின்வரும் வீழ்ச்சிக்குச் ‘சரிவு’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது: லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அதாவது ஒன்று நடக்கும் வாய்ப்பை அதே எஸ் வடிவ வளைவால் கணிக்கும் புள்ளியியல் முறை. புள்ளியியலார் ‘மட்டுறு தொடர்புப்போக்கு’ என்று சொல்ல ஒப்புவார்களா? அங்கே எதுவும் பெருகுவதில்லை, வளைவின் வடிவம் மட்டுமே பொது. அந்தத் துறையினர் யாராவது சொல்லுங்கள்.