அந்தக் குதிரைக்குத் திறமை இருந்ததா, இல்லையா?

மோப்பம்: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "குழந்தையோ வேலை நாயோ, சோதனையில் கலந்துகொள்ளாவிட்டால் திறமை இல்லை என்று குறித்துவிடலாம், மாணவர் ஆய்வுக்கு அது போதும்." இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. 14 வருடமாக மோப்ப நாய்களோடு இருக்கிறேன். நன்றாகத் தெரிந்த வேலையையே, பிடிக்காத ஆள் சொன்னால் செய்யாமல் படுத்துக்கொள்ளும் நாய் உண்டு. அதற்கு முட்டை மார்க்கா?

பென்சில்சீவி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கலந்துகொண்டால் மட்டும் என்ன? ஹான்ஸ் என்ற குதிரை 1904இல் பெர்லினில் குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்டது. ஏமாற்று இல்லை என்று நிபுணர் குழுவே சொன்னது. பிறகு ஃபுங்ஸ்ட் என்ற மாணவர்தான் குட்டை உடைத்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. திறமை பூஜ்யம்.

மோப்பம்: பூஜ்யமா! தட்டல் சரியான விடைக்கு வந்ததும் கேட்பவரின் தலை கடுகளவு அசையும், குதிரை நிறுத்திவிடும். குழுவின் கண்ணில் படாத அது குதிரைக்குப் பட்டது. திறமை இருந்தது.

பென்சில்சீவி: கணக்குத் தெரியாது.

மோப்பம்: கணக்கைப் பற்றி யார் பேசினார்கள்? திறமை இருந்தது.

சாக்பீஸ்: என் வகுப்பில் பாதிப் பேர் ஹான்ஸ்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஏழு... இல்ல டீச்சர், எட்டு" என்பார்கள். வாயே திறக்காத பிள்ளை பரீட்சையில் வெளுத்து வாங்கும். முதலில் திறமை என்றால் என்னவென்று...

மோப்பம்: அதெல்லாம் அப்புறம் டீச்சர். குதிரைக்கு இருந்ததா, இல்லையா?

வாய்ப்பாடு: மாணவர் ஆய்வைத் தலையில் தூக்கி வைக்கிறவர்களுக்கு: 1963இல் ரோசெந்தால், ஃபோட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 12 மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சிலரிடம் இவை கெட்டி, சிலரிடம் இவை மந்தம் என்றார்கள். எல்லாம் சாதாரண எலிகள். ஆனால் "கெட்டி" எலிகள்தான் நன்றாக ஓடின. அங்கே சோதனைக்கு ஆளானது மாணவர்கள்தான் ஐயா.

பென்சில்சீவி: நாய்க்காரரும் கேட்கட்டும். 2011இல் ஒரு மோப்ப நாய், அதை நடத்தும் ஆள் என்று 18 ஜோடிகளைச் சோதித்தார்கள். போதைப்பொருள் எங்குமே இல்லை. இருந்தும் 225 பொய் எச்சரிக்கை. இங்கே இருக்கிறது என்று ஆட்கள் நம்பிய இடத்தில் நாயும் மோந்துவிட்டது!

மோப்பம்: அது ஆளின் கோளாறு. என் நாய்களை இழுக்காதீர்கள். போன மாதம் பூனை விவாதத்திலும் தோற்றுவிட்டு இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

பென்சில்சீவி: தோற்றேனா? பதில் சொல்லாமல் ஓடியது யார்?

சாக்பீஸ்: பூனையை விடுங்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு என்ன மார்க் போடுவது?

மோப்பம்: டீச்சர், கொஞ்சம் இருங்கள். பென்சில்சீவி, ஒரே வார்த்தை: கடுகளவு அசைவை உங்களால் பிடிக்க முடியுமா?

பென்சில்சீவி: எனக்குக் கணக்குத் தெரியும், அசைவு எதற்கு?

மோப்பம்: அப்போது குதிரை உங்களைவிடத் தேவலை.

வாய்ப்பாடு: பூனை விவாதத்தில் ஓடியது மோப்பம்தான். நான் இருந்தேன்.

மோப்பம்: வந்துவிட்டார் சாட்சி!