ஐபிஎம் எக்ஸ்டியில் 640 கேபிக்கு மேல் நினைவகம் சேர்க்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். என்னிடமுள்ள ஐபிஎம் எக்ஸ்டி என்ற பழைய கணினியில் 8088 செயலி, 640 கேபி நினைவகம், சிஜிஏ திரை அட்டை, டாஸ் 5.0 இயங்குதளம் ஆகியவை உள்ளன. லோட்டஸ் 1-2-3 இரண்டாம் பதிப்பில் பெரிய விரிதாளைத் திறந்தால், நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம்.சிஸ், இஎம்எம்386 என்ற நினைவக இயக்கி நிரல்கள் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே ஏற மறுக்கின்றன. வேறு என்ன செய்யலாம்?

பதில் 1:
அவை ஏறாததில் வியப்பில்லை. ஹைமெம்முக்குக் குறைந்தது 286 செயலியும், மற்றதற்கு 386 செயலியும் வேண்டும். 8088க்கு 20 முகவரிக் கம்பிகளே இருப்பதால் 1 எம்பிக்கு மேல் ஒரு பைட்டைக்கூட அதனால் எட்ட முடியாது. அதிலும் மேலுள்ள 384 கேபி, திரை அட்டைக்கும் பயாஸுக்கும் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) ஒதுக்கப்பட்டது. உங்களுக்குத் தேவை இஎம்எஸ் (விரிவாக்கிய நினைவகம்) அட்டை. லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 1985இல் வகுத்த இந்த முறையில், அட்டையிலுள்ள நினைவகம் 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரே நேரத்தில் நான்கு பக்கங்கள் மட்டும் 64 கேபி சாளரம் ஒன்றின் வழியாகச் செயலிக்குத் தெரியும். வேறு பக்கம் தேவைப்பட்டால் தரவு எதுவும் நகர்வதில்லை. சாளரத்தில் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதை மட்டும் அட்டையின் இயக்கி நிரல் மாற்றுகிறது. பழைய இன்டெல் அபவ் போர்டு கிடைக்காவிட்டால், அண்மைக்கால வடிவமைப்பான லோ-டெக் 2 எம்பி அட்டையைத் தேடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அதோடு முடிந்துவிடாது. லோட்டஸின் அந்தப் பதிப்பு சூத்திரங்களையும் எழுத்துகளையும் இஎம்எஸ்ஸில் வைத்தாலும், ஒவ்வொரு கட்டத்துக்குமான சுட்டியை (தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு) 640 கேபிக்குள்தான் வைக்கிறது. எனவே கட்டங்கள் மிகுந்தால், அட்டையில் இடம் மீதமிருக்கும்போதே அதே பிழைச்செய்தி வரும். உங்களிடம் சிஜிஏ இருப்பது இங்கே நல்லதாகப் போயிற்று: 640 கேபிக்கு அடுத்துள்ள, ஏ000 முதல் பி7எஃப்எஃப் வரையிலான (பதினாறடிமான முகவரிகள்) இடம் காலியாக இருப்பதால், அங்கே நினைவகம் தரக்கூடிய அட்டை ஒன்றும், அதை டாஸுக்குத் தெரிவிக்கும் சிறு நிரலும் இருந்தால் 736 கேபி வரை கிடைக்கும். பின்னாளில் விஜிஏ திரை அட்டைக்கு மாறினால், அது அந்த இடத்தை எடுத்துக்கொள்வதால் இந்த வசதியை இழப்பீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இஎம்எஸ் சாளரத்தை எந்த முகவரியில் வைப்பது?

பதில் 1:
எக்ஸ்டியின் வன்தட்டு அட்டையிலுள்ள ரோம் (நிலையான நிரலைக் கொண்ட நினைவகச் சில்லு) சி800இல் தொடங்குவதால், டி000 பாதுகாப்பானது. அங்கே வேறு ரோம் இருந்தால் மட்டும் இ000க்குப் போங்கள். அட்டையின் ஜம்பரும் (அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பி) கான்ஃபிக்.சிஸ்ஸில் எழுதும் இயக்கி வரியும் ஒரே முகவரியைச் சொல்ல வேண்டும். இல்லையேல் இயக்கி அட்டையைக் கண்டுகொள்ளாது.