வீரிய ஒட்டு சூரியகாந்தி விதை கிடைக்கவில்லை, என்ன செய்யலாம்?

கே.வி.குப்பம் விவசாயி:
குடியாத்தம், காட்பாடி ரெண்டு பக்கமும் கடைகளில் விதை இல்லை என்கிறார்கள், இருக்கிற ஒரு கடையிலும் பில் போடாமல் கூடுதல் விலை கேட்கிறார்கள். போன போகத்தில் அறுத்ததில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், அதையே விதைக்கலாமா?

அணைக்கட்டு விவசாயி:
வேண்டாம் தம்பி. ஒட்டு விதை என்பது இரண்டு வேறு வகைகளைக் கலந்து உண்டாக்குவது, அதில் விளைந்ததைத் திரும்ப விதைத்தால் உயரம், பூக்கும் நாள் எல்லாம் செடிக்குச் செடி மாறும், ஒரே நேரத்தில் அறுக்க முடியாது, விளைச்சலும் குறையும். பில் இல்லாத விதையைத் தொடவே தொடாதீர்கள், முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

குடியாத்தம் விவசாயி:
அண்ணன் சொல்வது சரி. தமிழக அரசின் உழவன் செயலியில் விதை இருப்பைப் பாருங்கள், அப்புறம் விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டு அல்லாத ரகம் ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் இந்தப் போகம் எள் போடுங்கள்.