ஈரி கால்வாய், ட்ரென்ட்-செவர்ன்: இருவர் மட்டும் போகும் படகு

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து ஈரி கால்வாய், ஆஸ்வீகோ, ஒன்டாரியோ ஏரி, பிறகு கனடாவின் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி வழியாக ஜார்ஜியன் விரிகுடா வரை நானும் மனைவியும் 32 அடி டீசல் படகில் போகிறோம். லாக்குகளில் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் அறைகள்) இரண்டே பேர் கயிற்றை எப்படிச் சமாளிப்பது?

பதில் 1: க்ளீட்டில் (படகில் கயிறு கட்டும் கொம்பு) முடிச்சே போடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கி, க்ளீட் பிய்ந்துவிடும். லாக் சுவரில் உள்ள கேபிளைச் சுற்றி உங்கள் கயிற்றைப் போட்டு, அதன் நுனியைக் கையிலேயே பிடியுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஈரி சுவர்க் கயிறுகளில் சேறு வழியும், கையுறை கட்டாயம். ட்ரென்ட்-செவர்னில் லாக்குக்குள் எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

பதில் 2: கயிற்றோடு எஞ்சினையும் கவனியுங்கள். ட்ரென்ட்-செவர்ன் ஏரிகளின் நீர்ச்செடி, எஞ்சினைக் குளிர்விக்க வரும் தண்ணீரின் வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் சூடேறினால் முதலில் அங்கே பாருங்கள் சார். தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிய பிறகே வடிகட்டியைத் திறக்கணும். உபரி இம்பெல்லர் (அந்தத் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம்), கேஸ்கெட் அவசியம். பழைய இம்பெல்லரில் இறக்கை உடைந்திருந்தால் துண்டுகளைத் தேடி எடுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (எஞ்சின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதி) சிக்கியிருக்கும்.