மறு: ஒலிகார்க்கி – தன்னலக்குழு ஆட்சியா, சிலராட்சியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒலிகார்க்கி (oligarchy), அதாவது ஒரு சிலர் கையில் அதிகாரம் இருக்கும் ஆட்சிமுறைக்கு, ஆட்சிமுறைகள் பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில் இட ஐயா முன்வைத்த ‘தன்னலக்குழு ஆட்சி’ எனக்கு ஒப்பவில்லை. கலைச்சொல்லே தீர்ப்பும் எழுதிவிட்டால் ஆய்வு எதற்கு? அதிகாரம் சிலர் கையில் இருக்கிறது என்பது மட்டுமே சொல்லில் தெரிந்தால் போதும்: சிலராட்சி.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் ஆட்சிமுறைகளை நல்லவை, கெட்டவை என்று பிரித்தபோது இதைக் கெட்ட வரிசையில்தான் வைத்தார் என்கிறீர்கள், ஐயா. உண்மைதான். சிலர் பொதுநலனுக்காக ஆண்டால் அரிஸ்டாக்ரசி, தம் நலனுக்காக ஆண்டால் ஒலிகார்க்கி. ஆனால் அதே கெட்ட வரிசையில் டெமாக்ரசியும் நிற்கிறதே! அதற்காக மக்களாட்சிக்கு வசைப்பெயரா வைத்தோம்?

இன்னொன்று. ‘குடியரசில் எப்படிச் சிலராட்சி இருக்கும்?’ என்று கேட்டிருந்தீர்கள். இத்தாலியின் பழைய நகரக் குடியரசான வெனிஸைப் பாருங்கள். அங்கே மன்னர் இல்லை. ‘டோஜே’ என்ற தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பதுதான் விஷயம். 1297 முதல், அந்தத் தேர்தலைக் கையில் வைத்திருந்த பெருமன்றத்தை, ஏற்கெனவே அதில் இருந்த குடும்பங்களுக்குள் அடைக்கத் தொடங்கினார்கள். 1506 முதல் பிரபுக் குடும்பத்துப் பிறப்புகளைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். பேர் இல்லாதவருக்கு மன்றத்தில் இடமில்லை. 1797-இல் நெப்போலியன் வரும்வரை அது குடியரசுதான், சிலராட்சியும்தான். பிரிட்டன் இதற்கு நேர்மாறு: முடியாட்சி, ஆனால் மக்களாட்சி. நாட்டின் தலைமை பரம்பரையாக வருகிறதா என்பது ஒரு கேள்வி, அதிகாரம் யார் கையில் என்பது வேறு கேள்வி. நம் பட்டியலில் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கியிருப்பதால்தான் இத்தனை குழப்பம்.



---

வணக்கம்.

சிலராட்சிக்கு என் ஆதரவு. ஆனால் ஆளைக் குறிக்க என்ன செய்வது? ‘ரஷ்ய ஒலிகார்க்குகள்’ என்று செய்திகளில் தினமும் வருகிறது. ‘சிலராட்சியர்’ என்றால் அவர்களே நாட்டை ஆள்கிறார்கள் என்று ஆகிவிடும். 1990-களில் அரசுச் சொத்துகள் தனியார்மயமானபோது எண்ணெய், உலோகம், ஊடகம் என்று வளைத்துப்போட்டுச் செல்வாக்குப் பெற்றவர்கள் அவர்கள்; ஆட்சிபீடத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு.

‘அதிகாரச் செல்வர்’ என்று தனிப்பதிவாக இடலாமா? மாற்று இருந்தால் சொல்லுங்கள். சிலராட்சியை மட்டும் இப்போதே பட்டியலில் ஏற்றிவிடலாம்.