முட்டைக்குக் கோழி வளர்க்க யோசிக்கிறம்: ஒருநாள் குஞ்சோ, வளர்ந்த குஞ்சோ?

கிணற்றடி:
வணக்கம். இணுவில் பக்கம் இரண்டு பரப்பு வளவு. வீடு, கிணறு, வாழைப்பாத்தி எல்லாம் போகக் கோடிப்பக்கம் 20 அடிக்கு 15 அடி சும்மா கிடக்கு. பின்வேலியோடை ஒரு வேம்பு நிக்குது, நல்ல நிழல். வீட்டிலை ஐந்து பேர், கிழமைக்கு 30 முட்டை அளவிலை போகும். இறைச்சிக்கில்லை, முட்டைக்கு மட்டும். எத்தனை கோழி வேணும், உண்மையிலை கட்டுமோ, ஊர்க்கோழியோ லெயரோ (முட்டைக்கெண்டே உருவாக்கின இனம்), ஒருநாள் குஞ்சோ கொஞ்சம் வளர்ந்ததோ? கூட்டுக்குக் காசு போட முதல் தெரிஞ்சவை சொல்லுங்கோ. பக்கத்து வளவிலை வெங்காயம் செய்யினம், அதையும் யோசிக்க வேணும்.

தீன்மூட்டை:
கட்டுமோ எண்டதைக் கூடு அடிக்க முதல் கடதாசியிலை பாருங்கோ. கிழமைக்கு 30 முட்டைக்கு லெயர் பேடு 6 போதும். வீட்டு வளர்ப்பிலை ஒரு பேடு முதல் வருசம் 270 முட்டை இட்டால் ஆறுக்கும் கிழமைக்கு 31 வரும். ஒரு பேடு நாளுக்கு 110 தொடக்கம் 120 கிராம் தின்னும், ஆறும் சேர்த்து 700 கிராம், மாதம் 21 கிலோ. அப்ப ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 160 கிராம் தீன். குஞ்சிலையிருந்து முட்டை இடத் தொடங்கிற 20 கிழமை வரைக்கும் ஒவ்வொண்டும் 7, 8 கிலோ தின்னும். அதை முதல் வருச முட்டையிலை பரவினால் இன்னுமொரு 28 கிராம். ஆகவே ஒரு கிலோ தீனின்ரை விலையை 0.19 ஆலை பெருக்குங்கோ. வாறதுதான் உங்கடை முட்டையின்ரை தீன் செலவு. கடை விலைக்கும் அதுக்கும் இடையிலை இருக்கிற மிச்சத்தைக் கூட்டுச் செலவுக்குப் பங்கு போட்டால் எத்தனை வருசத்திலை கட்டும் எண்டு தெரியும். மிச்சமே வராவிட்டால் காசுக்காக இறங்காதேங்கோ.

வீட்டு மிச்சச் சோறு, மரக்கறித் தோல் குடுத்துத் தீனைக் குறைக்கலாம் எண்டு கனபேர் நினைக்கினம். மொத்தத்திலை பத்திலை ஒரு பங்குக்கு மேலை போனால் புரதம் குறையும், முட்டை விழும். முருங்கை இலை, கீரை குடுங்கோ, ஆனால் தீனுக்குப் பதிலா இல்லை.

ஊர்க்கோழி 12, 15 முட்டை இட்டிட்டு அடைக்குப் படுத்திடும். வருசம் 50, 60 முட்டைதான். உங்கடை 30 முட்டைக்கு 26 தொடக்கம் 31 பேடு வேணும், அந்த இடத்துக்கு அது சரிவராது. இடைப்பட்ட தெரிவு ஒண்டும் இருக்கு: கரந்தகொல்ல மத்திய கோழி ஆராய்ச்சி நிலையத்திலை வீட்டு வளர்ப்புக்கெண்டு உருவாக்கின சி.பி.ஆர்.எஸ். கோழி. எப்ப குஞ்சு வரும் எண்டு உங்கடை அரச மிருக வைத்திய அலுவலகத்திலை கேட்டுப் பேரைப் பதிஞ்சு வையுங்கோ.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் முதல் யோசிக்கிறேல்லை. ஒன்றரை வயதுக்குப் பிறகு முட்டை குறையும், தீன் குறையாது. அப்ப அந்தக் கோழியளை என்ன செய்யப் போறியள்? சைவ வீடெண்டால் இப்பவே ஆருக்குக் குடுக்கிறது எண்டு பேசி வையுங்கோ. சேவல் வேண்டாம், பேடு முட்டை இடச் சேவல் தேவையில்லை. விடியப்புறம் மூண்டு மணிக்கு அது கூவினால் அயலோடை பகைதான் மிஞ்சும்.

கூடும்கூரையும்:
6 கோழிக்கு 4 க்கு 4 அடிக் கூடு, மிச்ச இடம் வலை அடிச்ச முற்றம். உள்ளுக்கை ஒரு கோழிக்குக் குறைஞ்சது 2 சதுர அடி, வெளியாலை 10 சதுர அடி எண்டு பாருங்கோ. நெருக்கினால் ஒண்டையொண்டு கொத்தி வால்பக்கம் இரத்தம் வரும், ஒருக்கால் இரத்தத்தைக் கண்டால் மற்றதுகளும் சேரும்.

கூடும் முற்றமும் சேர்ந்த நீளப்பக்கம் கிழக்கு மேற்காக வரட்டும். வெறுந்தகரம் மட்டும் போட்டால் சித்திரை, வைகாசி மத்தியானம் கோழி வாயைத் திறந்து இளைக்கும். தகரத்துக்கு மேலை கிடுகு போட்டுக் கட்டுங்கோ. வேம்பு நிழல் உங்களுக்குப் பெரிய வசதி, கூட்டின்ரை மேற்குப் பக்கம் அதுக்குக் கீழை வாறமாதிரி வையுங்கோ. வாடைக்காலத்திலை மழை வடகிழக்காலை சாய்ஞ்சு அடிக்கும். அந்தப் பக்கம் கூரை இரண்டரை அடி நீண்டு நிக்கட்டும், சாக்குப் படங்கு ஒண்டும் சுருட்டி இறக்கிற மாதிரி இருக்கட்டும். எல்லாப் பக்கத்தையும் மூடிப்போடாதேங்கோ, காற்றோட்டம் நிண்டால் மூத்திர நாத்தம் கண்ணைக் கரிக்கும், கோழிக்குச் சளி பிடிக்கும்.

மலிவெண்டு அறுகோணக் கோழிவலையை வாங்காதேங்கோ. அது கோழி வெளியாலை போகாமல் மறிக்கும், மரநாய் உள்ளுக்கை வாறதை மறிக்காது. நிலத்திலையிருந்து 3 அடிக்கு அரை அங்குல வெல்ட்மெஷ் (பற்றவைச்ச கம்பிவலை), கீழை ஒரு அடி மண்ணுக்குள்ளை. எங்கடை சுண்ணாம்புக்கல்லிலை ஒரு அடி கிண்டேலாமல் போனால், வலையை வெளிப்பக்கம் ஒரு அடி மடிச்சுப் படுத்து மேலை கல் அடுக்குங்கோ. கீரி வலையோரத்திலைதான் தோண்டும், பின்னுக்குப் போய்த் தோண்டாது. கூரைக்கும் சுவருக்கும் இடைவெளி இருந்தால் அதாலை மரநாய் இறங்கும். கை நுழையிற ஓட்டை எல்லாம் அதுக்கு வாசல்தான். முற்றத்துக்கு மேலையும் பழைய மீன்வலை கட்டினால் பிராந்தும் காகமும் குஞ்சை எடுக்காது.

கதவுக்கு வெறும் கொளுக்கி வேண்டாம், திருகி மூடிற மாதிரிப் பூட்டு. குந்துறதுக்கு இரண்டு அங்குல மொத்தத்திலை பூவரசந்தடி, ஒரு கோழிக்கு 8 அங்குலம். முட்டைப் பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டு போதும், இருட்டுப் பக்கமா இருக்கட்டும்.

வெங்காயப் பக்கம் பற்றிக் கவனம். கோழி வெங்காயத்தைத் தின்னாவிட்டாலும் பாத்தியைக் கிளறி வேரை வெளியாலை போட்டிடும். வேலி 5 அடி, கோழிக்கு ஒரு பக்கச் செட்டையிலை மட்டும் நீளச் சிறகுகளை வெட்டி விடுங்கோ, பறக்கச் சமநிலை வராது. எருவைப் பச்சையாக் குடுத்தால் பயிர் எரியும், இரண்டு மாதம் குவிச்சு மக்க விட்டு ஒரு மூட்டை அவையளுக்குக் குடுத்தால் வேலிச் சண்டை வராது.

வடலி:
குஞ்சோ வளர்ந்ததோ எண்ட கேள்விக்கு: 6 பேடுதான் வேணும், முதல் தடவை எண்டால் 6, 8 கிழமை வயதுக் குஞ்சுதான் வாங்கவேணும் எண்டது என்ரை கருத்து. ஒருநாள் குஞ்சு பெட்டியிலை 100 வரும், அறைக்கு 25 ஆக நாலு அறை. ஆறுக்கு ஒருத்தரும் அனுப்பமாட்டினம். நாலைஞ்சு வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்தால் சரிவரும்.

வாங்கிற இடத்திலை மூண்டு கேள்வி: எந்தத் திகதி பொரிச்சது? எந்தெந்தத் தடுப்பு மருந்து, எந்தத் திகதியிலை? பேடு பிரிச்சதோ? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் பாதி சேவல் எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. மண்ணிற லெயர் இனங்களிலை பேட்டுக்குஞ்சு கபிலம், சேவற்குஞ்சு வெளிர்மஞ்சள். ஒருநாளிலையே நிறம் தெரியும். சந்தையிலை பச்சை, ஊதா சாயம் பூசின குஞ்சைக் கண்டால் விட்டிட்டு வாங்கோ, நிறத்தைப் பார்த்துத் தெரியாமல் போகும், அனேகமா அது லெயர் சேவல்தான்.

தீன்மூட்டை:
வடலி சொல்லிறதோடை ஒரு இடத்திலை ஒத்துப்போகமாட்டன். 8 கிழமைக் குஞ்சு பல இடத்திலையிருந்து சேர்த்து விற்கிறதா இருந்தால் சளியும் இரத்தக்கழிச்சலும் கூடவே வரும். தடுப்பு அட்டை காட்டினால் மட்டும் வாங்குங்கோ, காட்டாவிட்டால் ஒருநாள் குஞ்சு மேல். வந்ததையும் வேறை கோழி இருந்தால் இரண்டு கிழமை தள்ளி வையுங்கோ.

வடலி:
அட்டை இல்லாமல் வாங்கவேண்டாம் எண்டதுக்கு நானும் உடன்பாடு.

கிணற்றடி:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து மூண்டு வீட்டோடை சேர்ந்து ஒரு பெட்டி எடுக்கிற பேச்சு நடக்குது, எங்கடை பங்கு 10 குஞ்சு, பேடு பிரிச்சது. அப்ப இன்னும் மூண்டு சந்தேகம். அடிக்கடி கரண்ட் போனால் சூட்டுக்கு என்ன செய்யிறது? எந்த மாதம் எடுக்கிறது? அயலிலை ஒரு ஊர்க்கோழி அடைக்குப் படுத்திருக்கு, அதுக்குக் கீழை வைச்சால் சூட்டுப்பெட்டி தேவையில்லையோ?

வடலி:
அடைக்கோழிக்குக் கீழை வைக்கலாம், ஆனால் அது குறைஞ்சது இரண்டு மூண்டு கிழமை அடையிலை இருந்திருக்க வேணும். குஞ்சு இரண்டு நாளுக்கு மேற்படாமல் இருக்க வேணும். இருட்டினாப்பிறகு ஒவ்வொண்டா செட்டைக்குக் கீழை தள்ளி முட்டையை எடுத்திடுங்கோ. விடிய அது கொத்தினால் உடனே பிரியுங்கோ. தாய்க்கோழியிலை இருக்கிற பேன், இரத்தக்கழிச்சல் எல்லாம் குஞ்சுக்கும் வரும் எண்டது இதிலை உள்ள நட்டம். 10 குஞ்சை ஒரு நல்ல கோழி அணைக்கும், 15 எண்டால் ஓரத்திலை நிக்கிறது குளிரும்.

மாதம்: ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வேண்டாம். ஈரமும் வாடையும் சேர்ந்து உமியைக் காயவிடாது. தை கடைசி, மாசியிலை எடுத்தால் சிறகு மூடிறதுக்குள்ளை குளிர் போயிடும், ஆடி வாக்கிலை முட்டை தொடங்கும்.

கூடும்கூரையும்:
சூட்டுப்பெட்டி இப்படி. காட்போட் மட்டையோ மெல்லிய தகரமோ ஒன்றரை அடி உயரத்திலை வட்டமா வளையுங்கோ. சதுரப் பெட்டி எண்டால் மூலையிலை குவிஞ்சு நசியும். 10 குஞ்சுக்கு இரண்டரை அடி விட்டம் போதும், இரண்டாம் கிழமை மூண்டரை அடியா விரியுங்கோ. கீழை 2 அங்குலம் உமி. மரத்தூள் மட்டும் வேண்டாம், பொடியைத் தின்று அடைக்கும். முதல் மூண்டு நாள் உமிக்கு மேலை சாக்கு விரியுங்கோ. பத்திரிகைத்தாள் வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிஞ்சால் திரும்ப நேராக்கிறது கஷ்டம்.

பல்ப் 60 வாட் இழைக் குமிழ் ஒண்டு ஒன்றரை அடி உயரத்திலை, பக்கத்திலை கைகாவலுக்கு இன்னொண்டு. எல்.ஈ.டி. பல்ப் வேண்டாம், அது வெளிச்சம் தரும், சூடு தராது. இந்த ஒரு பிழையாலை முதல் இரவே குஞ்சு போகும். வெப்பமானியைக் குஞ்சின்ரை முதுகு உயரத்திலை தொங்க விடுங்கோ: முதல் கிழமை 33 தொடக்கம் 35 பாகை, பிறகு கிழமைக்கு 3 பாகை குறையுங்கோ. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சு சொல்லும். பல்புக்குக் கீழை குவிஞ்சு கீச்சிட்டால் குளிர், ஓரத்திலை ஒட்டி வாயைத் திறந்தால் சூடு, ஒரே பக்கம் எல்லாம் ஒதுங்கினால் மற்றப் பக்கத்தாலை காற்று அடிக்குது. பரவலாப் படுத்திருந்தால் சரி. மாசியிலை கூட மத்தியானம் பல்ப்பை நிறுத்த வேண்டி வரலாம்.

கரண்ட் போனால் இரண்டு லீற்றர் போத்தலிலை சுடுதண்ணி விட்டுச் சாக்காலை சுத்தி நடுவிலை வையுங்கோ, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாத்துங்கோ. மண்சட்டியிலை சிரட்டைக்கரித் தணல் வைக்கிறதெண்டால் யன்னல் திறந்த அறையிலை மட்டும். மூடின அறையிலை கரிப்புகை குஞ்சையும் ஆளையும் சேர்த்துக் கொல்லும். பிள்ளையள் குஞ்சைத் தூக்கினால் சவுக்காரத்தாலை கை கழுவ வேணும்.

மருந்துப்பெட்டி:
தண்ணியும் தடுப்பும் பற்றி எழுதிறன். இணுவில் கிணற்றிலை பெரும்பாலும் உவர் இல்லை. ஆனால் தீவுப்பக்கம், வடமராட்சிக் கரையோரம் இருந்து வாசிக்கிறவைக்கு ஒரு எச்சரிக்கை: உவர்த்தண்ணியைக் குஞ்சு பெரியவை மாதிரித் தாங்காது. கழிச்சல் தண்ணியாப் போகும், வயிறு வீங்கும். முதல் நாலு கிழமை நல்லதண்ணியோ மழைத்தண்ணியோதான்.

தடுப்பு: மரெக்ஸ் (கால், செட்டையை முடக்கிற வைரஸ் நோய்) ஊசி பொரிப்பகத்திலையே போட்டிருக்க வேணும், பில்லிலை எழுதித் தரச் சொல்லுங்கோ. 5 தொடக்கம் 7ஆம் நாள் ராணிக்கெட் (வேகமாப் பரவிற வைரஸ் நோய்) தடுப்பு கண்ணிலை ஒரு துளி. 14ஆம் நாள் கம்போறோ (குஞ்சின்ரை எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிற வைரஸ் நோய்) தடுப்பு. 21 தொடக்கம் 28ஆம் நாளுக்குள்ளை ராணிக்கெட் திரும்ப. 6 தொடக்கம் 8 கிழமைக்குள்ளை அம்மைத் தடுப்பு, செட்டைத் தோலிலை குத்திறது. மழைக்காலம் நுளம்பாலை அம்மை பரவும், முதலே போட்டிட வேணும். திகதிகளை உங்கடை பகுதி மிருக வைத்தியரோடை ஒருக்கால் சரிபாருங்கோ, வட்டாரத்திலை நோய் ஓடினால் அவர் மாத்துவார். போத்தல் 100 குஞ்சுக்கும் மேலையான அளவிலைதான் வரும், உங்கடை நாலு வீடும் ஒரே நாளிலை போட்டால் வீணாகாது. ஐஸ் போட்ட பிளாஸ்கிலை கொண்டு வாங்கோ, கலக்கினாப்பிறகு இரண்டு மணித்தியாலத்துக்குள்ளை முடியுங்கோ. வெயிலிலை கையிலை பிடிச்சுக்கொண்டு வந்த மருந்தைப் போட்டிட்டு, மருந்து பிழை எண்டு சொல்லிறவை நிறைய.

மூண்டாம் கிழமையிலையிருந்து ஆறாம் கிழமைக்குள்ளை கழிச்சலிலை இரத்தம் கண்டால் அனேகமா ஈர உமியிலை பெருகிற ஒட்டுண்ணிதான் காரணம். தண்ணிச்சட்டியைச் சுற்றி நனைஞ்சதை ஒவ்வொரு நாளும் எடுத்துப் போட்டுக் காய்ஞ்சது போடுங்கோ, அம்ப்ரோலியம் எண்ட இரத்தக்கழிச்சல் மருந்தை வைத்தியர் சொன்ன அளவிலை தண்ணியிலை குடுங்கோ. தீனும் மாத்திக் குடுக்கப்படாது: 8 கிழமை வரை குஞ்சுத்தீன், பிறகு வளர்தீன், 18 கிழமையிலை முட்டைத்தீன். முட்டைத்தீனிலை சுண்ணாம்பு கூட, குஞ்சுக்குக் குடுத்தால் சிறுநீரகம் கெடும். மூட்டையைச் சீமெந்து நிலத்திலை வைக்காமல் பலகையிலை வையுங்கோ, பூஞ்சணம் பிடிச்ச தீன் ஈரலைத் தின்னும்.

பெட்டி வாற நாளுக்கு முதல்நாளே பல்ப்பைப் போட்டுச் சூட்டைச் சரிபாருங்கோ. வந்தவுடனை கண் பிரகாசமோ, தொப்புள் காய்ஞ்சு மூடியிருக்கோ, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கோ எண்டு பாருங்கோ. மல்லாத்தி விட்டால் இரண்டு மூண்டு வினாடியிலை எழும்ப வேணும். தீனுக்கு முதல் தண்ணி: ஒரு லீற்றருக்கு 50 கிராம் சீனி, ஒவ்வொண்டின்ரை சொண்டையும் ஒருக்கால் தோய்ச்சு விடுங்கோ. அகலச் சட்டி எண்டால் கூழாங்கல் போடுங்கோ, இல்லாட்டி மூழ்கிச் சாகும். ஒரு மணித்தியாலம் கழிச்சுத் தீனைத் தட்டையான தட்டிலை தூவுங்கோ.

அண்டைக்கு இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு குஞ்சா எடுத்துக் கழுத்தடியிலை தீன்பையை விரலாலை தடவிப் பாருங்கோ. மெதுவா, கூழ் நிரம்பின சின்னப் பை மாதிரி இருந்தால் தின்று குடிச்சிருக்கு. கல்லுக் கல்லா இருந்தால் தண்ணி காணாது, வெறுமையா இருந்தால் அதுக்குத் தட்டுத் தெரியேல்லை. அந்தக் குஞ்சைத் தனிய எடுத்துச் சொண்டைத் தண்ணியிலையும் தீனிலையும் தொட்டு, தட்டுக்குப் பக்கத்திலை பல்பு வெளிச்சத்திலை விடுங்கோ.