புதுப்பிப்பு: வளர்ந்த பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

"ஒன்பதாவது படிக்கும் பையன், ஆறாவது படிக்கும் பெண். பீச், பார்க் என்றாலே இருவருக்கும் சலிப்பு. நாலு பேரும் சேர்ந்து வெளியே என்ன செய்யலாம்?" என்று போன வருடம் கேட்டிருந்தேன். மலையேற்றம், சைக்கிள், பறவை பார்த்தல் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள்.

மலையேற்றத்துக்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சைக்கிள் ஆசை சீக்கிரமே தீர்ந்தது. நிலைத்தது பறவைகள்தான்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தோம். வீட்டு வாசலில்கூடச் செய்யலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி, பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். போன் கையில் இருக்கலாம் என்றதும் பையன் மறுபேச்சு பேசவில்லை!

அந்த விடுமுறையிலேயே ஒருநாள் வேடந்தாங்கல். கரையோரக் கடம்ப மரத்தில் சாம்பல் வெள்ளையாக ஒன்று. "கொக்கு" என்றான். "அலகைப் பாருண்ணா, நடுவுல மூடவே இல்ல" என்றாள் தங்கை. நத்தை குத்தி நாரை. ஓட்டுக்குள்ளிருந்து நத்தையை எடுக்கத் தோதான அலகு அது. வழியெல்லாம் அதே பேச்சு.

போவதானால் டிசம்பர், ஜனவரியில் காலையிலேயே போய்விடுங்கள். பைனாகுலர் அவசியம், வீட்டுக்கு ஒன்று இருந்தால் சண்டை நிச்சயம்.

பையனுக்கு இப்போது பத்தாவது. பொதுத்தேர்வு முடியும்வரை மொட்டைமாடியிலிருந்தே எண்ணுவதாக ஏற்பாடு. மைனா கணக்கு பாட்டியுடையது.